சிவப்பே இல்லாத மாதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது முதல் மைல்கல். அந்த நெருப்புக்கு மேலே, கண் மட்டத்தில், இருபத்திரண்டு அங்குலத் திரை ஒன்றை மாட்டியது இரண்டாவது. இடைப்பட்ட காலத்தில் குறிப்பிடும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை. அந்த இரண்டாவது மைல்கல் எங்கள் உணவகத்தில் நடப்பட்டபோது, அங்கே மேலாளராக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதலாளி என் அக்காவின் கணவர் என்பதற்கும் எனக்கு அந்தப் பதவி கிடைத்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை எல்லோரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம்.

திரை வருமுன் எங்கள் சமையலறை ஒரு சந்தைக்கடை. சர்வர் ஒருவர் உண்டு. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதால் எல்லோருக்கும் அவர் 'நெட்டை'. ஜன்னலில் தலையை நுழைத்து, "ஏழாம் மேசைக்கு ரெண்டு சூப்பு! ஒண்ணுல மிளகு கம்மி, வயசானவரு!" என்று கத்துவார். அடுப்படியிலிருந்து மாஸ்டரக்கா, "எவ்வளவு கம்மி?" என்று கத்துவார். "பேருக்குப் போடுங்க போதும்!" என்று இவர் மறுபடி கத்துவார். பெரியவர் இருமாமல் குடித்துவிட்டுப் போவார். இவ்வளவு சத்தத்துக்கும் ஒரு பதிவு உண்டா? வரைபடம் உண்டா? சராசரியாவது உண்டா? வெறும் சூப்புதான் மிச்சம்.

மாஸ்டரக்கா எங்கள் தலைமைச் சமையல்காரர். பதினேழு வருட சர்வீஸ். 'மாஸ்டர்' என்பது பதவி. 'அக்கா' என்பது மற்றவர்களுடைய பயம்.

திரையை மாட்ட வந்த நிபுணர் டை கட்டியிருந்தார். அடுப்படியில் டை கட்டி நின்ற முதல் மனிதர் அவர்தான் என்பதால் கூட்டம் உடனே கூட்டப்பட்டது.

"ஆர்டர் வந்தா பச்சை. ஆறு நிமிஷம் தாண்டினா மஞ்சள். ஒன்பது தாண்டினா சிவப்பு. செஞ்சு முடிச்சதும் இங்க தொட்டா மறைஞ்சிடும்" என்று விளக்கினார்.

"செய்யாமலே தொட்டா?" என்று கேட்டார் மாஸ்டரக்கா.

"அப்பவும் மறைஞ்சிடும்."

"ரொம்பப் புத்திசாலியா இருக்கே!"

நிபுணர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நானும்தான்.

"ஒரே ஒரு விஷயம். சர்வர் படுத்துட்டா மட்டும் கொஞ்சம் சிரமம்."

நெட்டை எழுந்து நின்றுவிட்டார். "நான் எப்பங்க படுத்தேன்? காய்ச்சல் வந்தப்பகூட லீவு போட்டதில்லையே!"

இது அவரைவிட முக்கியமான வேறொரு சர்வர் என்று நிபுணர் விளக்கினார். நெட்டை உட்கார்ந்தார்.

அன்று மாலையே 'அமைதிச் சமையலறைத் திட்டம்' சுற்றறிக்கையாக வெளிவந்தது. எழுதியது நான். அடுப்படியில் எவரும் குரல் எழுப்பக் கூடாது. சர்வர்கள் ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சந்தேகம் எதுவானாலும் திரையில் உள்ள 'ஐயம்' பொத்தானை அழுத்த வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் வரும்.

ஒரு மாதம் முழுக்கச் சிவப்பே விழாத சமையலறைக்குத் திரை நிறுவனம் 'மின்னல்' கேடயம் தருகிறது. எங்களுக்கு இருபத்தொன்பது நாள் சிவப்பில்லாமல் கழிந்தது. கேடயத்துக்கு ஆணிகூட அடித்துவிட்டேன். முப்பதாம் நாள் மதியம் நான்காம் மேசைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

அந்த அம்மா நூடுல்ஸ் கேட்டார். "எனக்கு நிலக்கடலை ஒத்துக்காதுங்க. கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைச்சிடும்" என்றார். நெட்டை கடமை தவறாதவர். கையிலிருந்த கருவியில் 'நிலக்கடலை வேண்டாம்' என்று தட்டி அனுப்பினார். திரையில் குறிப்புக்கு ஒதுக்கியிருந்த இடம், இடைவெளியையும் சேர்த்து, ஒன்பதே எழுத்து. உள்ளே வந்து சேர்ந்தது, 'நிலக்கடலை வேண்'.

"தம்பி, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார் மாஸ்டரக்கா. "இது வேணுமா, வேண்டாமா?"

"வேண்னு போட்டிருக்கே."

"அதைத்தான் கேக்குறேன். வேண்டுமா, வேண்டாமா?"

"ஐயம் பொத்தானை அழுத்துங்களேன்."

"அழுத்தியாச்சு. 'உங்கள் ஐயம் எங்களுக்கு முக்கியம்'னு வருது."

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை!"

அதற்குள் ஆர்டர் மஞ்சளாகிவிட்டது. ஏழு நிமிடம் நாற்பது வினாடி.

"நூடுல்ஸ்ல கடலைப் பொடி நாமளே தூவுறோம். தூவுற பொருளை யாராவது வேணும்னு எழுதிக் கேப்பாங்களா? வேண்டாம்னுதான் இருக்கும். நெட்டையை ஒரு சத்தம் கூப்பிட்டாத் தெரிஞ்சிடப்போகுது."

"சத்தமா? முப்பதாம் நாள்லயா?" எனக்கு வியர்த்துவிட்டது. "கூடுதலா வேணும் போல. ரெண்டு கை அள்ளிப் போடுங்க."

"நான் போட மாட்டேன்."

எட்டு நிமிடம் இருபது. நிர்வாகத் திறன் என்பது இப்படிப்பட்ட வினாடிகளில்தான் வெளிப்படும். டப்பாவைத் திறந்து, என் கையாலேயே இரண்டு கை கடலைப் பொடி அள்ளிப் போட்டு, கிளறி, தட்டை ஜன்னலுக்குத் தள்ளி, திரையைத் தொட்டேன். எட்டு நிமிடம் ஐம்பத்திரண்டு. சிவப்பு விழவில்லை!

மாஸ்டரக்கா என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார். கரண்டியைக் கீழே வைக்கக்கூட நினைவில்லை. "நாலாம் மேசை! சாப்பிடாதீங்க!" என்ற கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். அந்த அம்மா இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். மூன்றாவது வாய்க்குப் போன முள்கரண்டியை இவர் தட்டிவிட்டார். ஆனாலும் உதடு வீங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சரிந்தார். கணவர் கைப்பையைக் கவிழ்த்து, அவசரத்துக்கென்று வைத்திருந்த ஊசி மருந்தைத் தேடி எடுத்து மனைவியின் தொடையில் குத்தினார். மாஸ்டரக்கா தலையை மடியில் தாங்கி, "மூச்சு விடும்மா, விடு, விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது, மேசையில் மறந்து வைத்த அந்த அம்மாவின் போன் ஒலித்தது. 'உங்கள் உணவு எப்படி இருந்தது?' என்று எங்கள் திரைதான் அக்கறையோடு கேட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் 'திருப்தி' என்று பதிவாகும். பதிவாயிற்று.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து அந்த அம்மா பிழைத்தார். சம்பவம் நடந்த மறுநாளே விசாரணைக் கூட்டம். நிபுணர் வரைபடத்தோடு வந்திருந்தார். "ஆர்டர் போயிருக்கு. குறிப்பு போயிருக்கு. சாப்பாடும் நேரத்துக்குப் போயிருக்கு. திரை மேல தப்பே இல்லை" என்றார்.

மாஸ்டரக்கா மேல் நான்கு குற்றச்சாட்டுகள்: குரல் உயர்த்தியது, பணியிடத்தை விட்டு ஓடியது, வாடிக்கையாளர் கையைத் தட்டிவிட்டது, முன் அனுமதி பெறாமல் சரியாக ஊகித்தது.

"எல்லாம் சரி, கடலையைப் போட்டது யாரு?" என்று கேட்டார் முதலாளி.

நான் திரையைப் பார்த்தேன். நிபுணர் வரைபடத்தைப் பார்த்தார். நெட்டை மூன்று மீட்டருக்கு அப்பால் நின்றார்.

"உங்க மச்சினன்தான்" என்றார் மாஸ்டரக்கா.

முதலாளி கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். "அக்கா, குடும்ப விஷயத்தையெல்லாம் மீட்டிங்ல பேசக் கூடாது."

மாஸ்டரக்கா ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து, என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அறிக்கையில் 'மனிதத் தவறு. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதினேன். கேடயமும் வந்தது, எனக்குப் பொது மேலாளர் பதவியும் வந்தது.

பத்து நாள் கழித்து அந்தக் கணவர் வந்தார். நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரிக்குக் கடலை போட்ட ஆளு இன்னும் இங்கதான் இருக்காரா?"

"சேச்சே! அன்னைக்கே வேலையை விட்டு எடுத்துட்டோம் சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் நம்பி வெளியில சாப்பிட முடியுது" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எங்கள் சமையலறையில் இப்போது மயான அமைதி. 'சாப்பிடாதீங்க' என்று கத்த ஒருவர் இருந்தார்; அவரை அனுப்பிவிட்டோம். கடலை அள்ளிப் போட்டவனை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். குடும்பத்தோடு வாருங்கள்.