துளசி பேனரின் நாலாவது மூலை

சின்ன காஞ்சிபுரம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் மாணிக்கவேல் அவர்களுக்கு, கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ரேணுகாம்பாளும் நலம். அங்கு நீங்களும் கல்யாணப் பெண் தேவகியும் நலமாக இருக்கப் பெருமாள் அருள வேண்டும். நீங்கள் அனுப்பிய பத்திரிகைகளை முசரவாக்கம் வரைக்கும் போய், ஒரு குறையும் இல்லாமல் கொடுத்து முடித்தேன். துளசி எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். உடம்புக்கு நலம்தான், ஆனால் உங்கள் மருமகள் பெற்ற அப்பன் என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. போனில் சொல்ல வாய் வராமல் எழுதி, நாளை அங்கு வரும் ரேணுவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து ரோபோ செய்தது உங்களுக்குத் தெரியும். போட்டிக்கு ரோபோ மட்டும் போதாதாம், அணிக்கு ஒரு பேனரும் வேண்டுமாம், அதற்குத் தனிப் பரிசாம். ஃப்ளெக்ஸ் அடித்து, கைகூப்பிய என் படத்தையும் கீழே போடலாம் என்றேன். "வேணாம்பா, நாங்களே வரையறோம்" என்று மஞ்சள் துணியில் அரக்குச் சாயத்தில் ஒரு மாதம் வரைந்தார்கள். போட்டிக்கு முதல் நாள் அதைக் காய்வதற்குக் கூடத்தில் விரித்து, "யாரும் மிதிக்காம பாத்துக்கோபா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் மச்சான், அதுதான் வினை. நடுவில் இரண்டடிக்கு ஒரு கட்டம், உள்ளே பொடிப்பொடியாகச் சதுரங்கள், மூன்று மூலையில் பெரிய பெட்டி, நாலாவது மூலை காலி. இருபத்தெட்டு வருஷமாகப் பட்டுப்புடவைக்கு டிசைன் கிராஃப் போடுகிறவன் நான். ஒரு கட்டம் தப்பினால் புடவையில் புட்டாப் பூவே கோணிக்கொள்ளும். பாவம், பிள்ளைகளுக்கு நேரம் போதவில்லை என்று நினைத்து, மிச்சச் சாயத்தைக் கலந்து நாலாவது பெட்டியைப் போட்டு, உள்ளே இருந்ததையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற மாதிரி மாற்றி, நடுவில் ஓர் அன்னத்தையும் வைத்தேன்.

மறுநாள் அரங்கில் நடுவர் அம்மா பேனர் முன் நின்று போனை நீட்டினார், கிட்டே வந்தார், எட்டப் போனார், பக்கத்தில் இருந்தவர் போனையும் வாங்கிப் பார்த்தார். "ஒண்ணும் வரலியேமா" என்றார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ஒரு மூலைய விட்டுட்டாங்க மேடம், நான்தான் நேத்து சரி பண்ணேன்" என்று பெருமையாகச் சொன்னேன். ஐந்து பெண்களின் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. "அது க்யூஆர் கோடுபா. உலகம் பூரா அதுக்கு மூணு மூலையிலதான் பெட்டி இருக்கும்" என்றாள் துளசி. போனைக் காட்டினால் அவர்கள் ரோபோ செய்த கதை முழுக்க வீடியோவாக ஓடுமாம். டீக்கடையில் ரொக்கம் நீட்டிப் பழகிய எனக்கு என்ன தெரியும்? பேனர் பரிசு வேறு பள்ளிக்குப் போனது. திரும்பி வரும்போது வேனில் துளசி ஒன்றுதான் கேட்டாள்: "உன் கிராஃப்ல நான் என்னிக்காவது கை வெச்சிருக்கேனாபா?"

கேட்காமல் இனி யார் வரைந்ததிலும் கை வைப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்துவிட்டேன். வாழ்க்கையில் இந்த ஒரு தப்போடு சரி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் தாய்மாமனாக நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனசு இறங்கும். தேவகி தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பி.கு.: மடிக்கும்போதுதான் நினைவு வருகிறது. தேவகி பத்திரிகையின் பின்பக்கம் 'மண்டபத்துக்கு வழி' என்று ஒரு கட்டம் இருந்ததே, அதிலும் நாலாவது மூலை காலியாக இருந்தது. அச்சகத்தார் சோம்பேறித்தனம், உங்கள் வீட்டு விசேஷத்தில் மூளி இருக்கலாமா என்று, நூற்றிருபதையும் ஸ்கெட்ச் பேனாவால் சரி செய்துதான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் வழி சொல்ல ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்த ஆள் துளசியாக மட்டும் இருக்க வேண்டாம்.