மைத்துனனைத் தடுத்த படர்தாமரை

இந்த முறை மைத்துனனைத் தன் வீட்டு வாசலை மிதிக்க விடக் கூடாது என்று பஸ் டிரைவர் முடிவு கட்டிவிட்டார். மனைவியின் தம்பி விடும் குறட்டை சாமானியப்பட்டதல்ல. போன தடவை, நம்பினால் நம்புங்கள், சுவர்க் கடிகாரம் மிரண்டு பின்பக்கமாக ஓடியது. தன் காரை எவனோ ஸ்டார்ட் பண்ணுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் உலக்கையோடு ஓடி வந்தார்.

ஆயுதம் டிரைவரின் இடுப்பிலேயே இருந்தது. நாளெல்லாம் இன்ஜின் சூட்டில் வியர்த்து ஊறியதில், பெல்ட் கட்டும் இடத்தில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. சிக்னலில் வண்டி நின்றால் கை கியரில் நிற்காது, சொறியப் போய்விடும். டாக்டரிடம் காட்டிவிட்டு நேரே சமையலறைக்கு வந்தார்.

"ஏம்மா, விஷயம் பெருசு. தொட்டா ஒட்டுமாம். துண்டு பட்டா ஒட்டுமாம். பாவம் உன் தம்பி, வயசுப் பையன். இப்ப வர வேண்டாம்னு சொல்லிடு."

"டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"குளிச்சா ஈரம் போகத் துடைக்கணும். கடையில கேட்டு கண்ட களிம்பைத் தடவக் கூடாது. மறைஞ்சு போனாலும் அவர் சொல்ற வரைக்கும் மருந்தை நிறுத்தவே கூடாது. எவ்வளவு ஆபத்து பாரு!"

"ஐயையோ!" அவள் போனை எடுத்தாள். டிரைவர் மனசுக்குள் டாப் கியர் போட்டார்.

"டேய், வராதேடா... என்னது, உனக்குமா? இடுப்பிலயா? அட அசடே, போன தடவை வந்தப்பவே இருந்துச்சா?"

போனை வைத்தாள். "கவலைய விடுங்க. அவனுக்கும் அதேதான். போன தடவை உங்க துண்டைத்தானே கட்டிக்கிட்டுத் திரிஞ்சான்?"

"அப்ப எனக்கு ஒட்ட வெச்சதே அவன்தானா!"

"அதான். இனிமே புதுசா ஒட்ட என்ன இருக்கு? ரெண்டு பேரும் சின்ன ரூம்ல படுங்க, ஆளுக்கொரு துண்டு. எனக்குத்தானே ஒட்டக் கூடாது? நான் பெரிய ரூம்ல, ஃபேனுக்குக் கீழே."

"அடியே, அவன் குறட்டை..."

"நானும் யோசிச்சேங்க. கதவை நல்லா சாத்திக்கறேன்."

மைத்துனன் வந்து இறங்கினான். "அத்தான், இனிமே நமக்குள்ள ஒளிவு மறைவே இல்ல!" என்று வாசலிலேயே சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

மருந்து இருவருக்குமே வேலை செய்தது. ஒருநாள் காலை, தூங்காத சிவந்த கண்களோடு டிரைவர் பெரிய அறைக் கதவைத் தட்டினார்.

"மறைஞ்சு போச்சு! அவனுக்கும்தான்! என் பஸ்லயே ஏத்தி விட்டுடறேன்!"

கதவு லேசாகத் திறந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"மறைஞ்சாலும் மருந்தை நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மருந்து முடியற வரைக்கும் இங்கயே இருக்கேன்னு அவன் நேத்தே லீவை நீட்டிட்டான்."