பார்க் ரேடியோவுக்குத் தலை எண்ணியவர்

டெலிவிஷனில் எந்தத் தொடர் பிழைக்கும், எது பாதியில் சாகும் என்பதை இன்றைக்குத் தீர்மானிப்பது கதையும் இல்லை, நடிப்பும் இல்லை. எண்ணிக்கைதான். எத்தனை வீட்டில் பார்த்தார்கள் என்று ஏதோ பெட்டி வைத்து எண்ணுகிறார்களாம். எண்ணிக்கை இறங்கிவிட்டால், தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கதாநாயகியை அப்படியே நிற்கவைத்துவிட்டுத் தொடரை முடித்துவிடுகிறார்கள். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் அமெரிக்காக்காரன் என்று எங்கள் மாடிவீட்டு இன்ஜினியர் அடித்துச் சொல்கிறார். சுத்தப் பொய். கண்டுபிடித்தவர் திண்டுக்கல்காரர். காக்கிச் சட்டை போட்டிருப்பார், இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார், சட்டைப் பை நிறையப் புளியங்கொட்டை வைத்திருப்பார். ஊரில் அவருக்குப் பெயர் தலைக்கணக்கு.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். நான் அப்போது நகராட்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. ஐம்பதுகளின் கடைசி. சம்பளப் பட்டியலில் அவர் பெயரை நானே எழுதியிருப்பேன். ஆனாலும் ஞாபகம் இல்லை. அவருடைய வேலை, பூங்காவில் இருந்த ரேடியோவைப் போடுவதும் நிறுத்துவதும். பூங்கா நடுவில் ஒரு சின்ன அறை, அதற்குள் ரேடியோ, வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. சாயங்காலமானால் பாதி ஊர் மணலில் உட்கார்ந்து கேட்கும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

புதிதாக ஒரு கமிஷனர் வந்தார். ரேடியோ ஓயாமல் பாடிப் பாடிச் சூடேறிக் கெட்டுப்போகிறது என்று அவருக்குக் கவலை. உடனே உத்தரவு போட்டார்: "பூங்காவினுள் அமர்ந்து கேட்போர் தலைகளை நிகழ்ச்சிவாரியாக எண்ணி மாதந்தோறும் சமர்ப்பிக்க வேண்டியது. கடைசியில் நிற்கும் நிகழ்ச்சி அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும்." இப்படி மாதம் ஒன்றாக நிறுத்திக்கொண்டே போனால் வருஷக் கடைசியில் ரேடியோவில் நேரம் சொல்லும் மணிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது குமாஸ்தா, வாயைத் திறக்கவில்லை.

அதுவரை அவர் வெறும் ரேடியோக்காரர். உத்தரவு வந்த மறுநாளே தலைக்கணக்கு ஆகிவிட்டார். நீரூற்றுத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, ஒரு தலைக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவார். குழந்தைகள் அரைத் தலை. அதற்காகவே கொட்டைகளைப் பிளந்து தனியாக ஒரு டப்பாவில் வைத்திருந்தார். காதில் எதற்குப் பஞ்சு என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணுறவன் கேக்கக் கூடாது சார். கேட்டா நமக்குப் பிடிச்ச பாட்டுக்கு நாலு தலை கூட விழுந்துரும்ல?"

இதை அவர் கத்தித்தான் சொன்னார். காதில் பஞ்சு இருந்ததால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார்.

வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் தலை ஆகிவிட முடியாது. சந்தேகப்பட்ட ஆளிடம் போய்க் குனிந்து, ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, "அண்ணே, இப்ப என்ன சொன்னாக?" என்று கேட்பார். பதில் சொன்னால் கொட்டை இடம் மாறும். இல்லையென்றால் இல்லை. ஒருநாள் விவசாய நிகழ்ச்சி நடக்கும்போது ஒருவர் துண்டை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைக்கணக்கு உலுக்கி எழுப்பிக் கேட்டார். அந்த மனிதர் பதறி எழுந்து, "வெங்காயம்! வெங்காயம் அழுகிரும்ப்பா, மூட்டைய எறக்குங்க!" என்று அலறினார். பாவம், வெங்காய வண்டிக்காரர், கனவில் இருந்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் ரேடியோவில் வெங்காயத்தை அழுகாமல் காப்பது எப்படி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலை சேர்ந்தது.

கர்நாடக சங்கீதத்துக்கு முதல் மாதமே ஆபத்து வந்தது. பாட்டுக்கு உயிரையே விடுகிற அருளப்பன் வாத்தியார் துடித்துப்போனார். தன் மகள் கல்யாணத்துக்குக் கீரனூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரை, மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்த கையோடு, மாலையும் கழுத்துமாகக் கூட்டிவந்து மணலில் உட்காரவைத்துவிட்டார். முப்பது பேருக்குக் குறையாது. பட்டுப்புடவையும் சந்தனமுமாகப் பூங்காவே மணத்தது. தலைக்கணக்கு அசரவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டார்.

"ஏனுங்க, சாப்பாடு இங்கதானுங்களா?" என்றார் ஒருவர்.

"இது முடிஞ்சா காப்பி வருதுன்னு சொன்னாங்களே, இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்க?" என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர்தான் தேறினார். "நல்லாத்தான் பாடுறாருங்க. தொண்டை கட்டியிருக்குதாட்டங்க, பாவம். யாராவது வெந்நி குடுத்தா தேவலைங்க" என்றார் அவர். அன்றைய கணக்கில் ஒன்று கூடியது.

"முப்பது பேரைக் கூட்டியாந்தேனய்யா! ஒண்ணுதான் போடுவியா?" என்று வாத்தியார் சண்டைக்கு வந்தார்.

"தலை வந்துச்சு வாத்தியாரே. காது வரலையே" என்று கத்தினார் தலைக்கணக்கு.

அந்த ஒற்றைத் தலையால் சங்கீதம் தப்பித்தது. தப்ப முடியாமல் போனது சொற்பொழிவு நிகழ்ச்சி. அதில் ஒரு கவுன்சிலரின் மைத்துனர் பல் பராமரிப்பு பற்றிப் பேசினார். இருநூறு தலை எழுதச் சொல்லிக் கவுன்சிலரே பூங்காவுக்கு நேரில் வந்து தோளில் கைபோட்டுச் சொன்னார். மறுநாள் என் மேஜைக்கு வந்த நோட்டில் இப்படி இருந்தது: "பல் – ஏழு தலை. இதில் ஒன்று கவுன்சிலர். அவரும் பாதியில் எழுந்து போனார்."

இந்த நேர்மையைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது என்று எழுதினால் பொய். எரிச்சல்தான் வந்தது. ஊரில் எல்லாரும் கொஞ்சம் வளைந்து கொடுத்து வாழ்ந்துகொண்டிருக்க, ஒரு மனிதர் மட்டும் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு அரிச்சந்திரனாக நின்றால் பக்கத்தில் இருப்பவனுக்குச் சங்கடமாக இருக்காதா?

இரண்டாவது மாதம் மத்தியான நிகழ்ச்சிகளையும் எண்ணச் சொன்னார்கள். கடைசியில் நின்றது மகளிர் நிகழ்ச்சி. பகல் இரண்டு மணி. திண்டுக்கல் வெயில். மணலில் கால் வைத்தால் கொப்புளம் போடும். மாதம் முழுக்க நோட்டில் தினமும் சைபர். ஒரே ஒருநாள் மட்டும், "ஆடு – ஒன்று. கணக்கில் சேர்க்கவில்லை" என்று எழுதியிருந்தார். கமிஷனர் கையெழுத்துப் போட்டார். நிகழ்ச்சி நின்றது.

பூங்காவின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு புகையிலைக் கிட்டங்கி. நாற்பத்தொரு பெண்கள் அங்கே உட்கார்ந்து இலையைத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டுவார்கள். தொண்டையைக் கமறும் நெடியில், ஓட்டுக் கூரையின் வெக்கையில், நாள் முழுவதும் அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல், சுவரைத் தாண்டி வரும் அந்த அரைமணி நேரம்தான். அதிலும் ஒரு தொடர்கதை நடந்துகொண்டிருந்தது. மரகதம் என்று ஒருத்தி, மாமியார் கொடுமை தாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டாள். ரயிலும் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். அந்த இடத்தில் எங்கள் நகராட்சி ரேடியோவை நிறுத்திவிட்டது.

மறுநாள் இரண்டே காலுக்கு ஏழெட்டுப் பெண்கள் பூங்கா வாசலில் நின்றார்கள். நான் ஏதோ கோப்போடு அந்தப் பக்கம் போயிருந்தேன். முன்னால் நின்றவர் பெயர் சவரியம்மா.

"ஏன்யா, ரேடியோ என்னாச்சு?"

தலைக்கணக்கு காதைக் காட்டிக் கையை விரித்தார். சவரியம்மா விறுவிறுவென்று வந்து, கையை நீட்டி, அவர் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். நகராட்சி ஊழியர் ஒருவரின் காதில் இம்புட்டு உரிமையோடு கை வைக்கிற பெண்மணியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தலை இல்லம்மா. நிப்பாட்டச் சொல்லிட்டாக" என்றார் அவர்.

"நாங்க நாப்பத்தோரு பேரு தெனமும் கேக்குறோம்ல? அது தலை இல்லாம, என்ன பூசணிக்காயா?"

"சுவத்துக்கு அங்கிட்டு இருக்கீக. பூங்காவுக்குள்ள உக்காந்து கேட்டாத்தான் தலை. உத்தரவுல அப்பிடித்தான் போட்டிருக்கு."

"உள்ள வந்து உக்காந்தா மேஸ்திரி நாளைக்கு வேலைக்கு வராதம்பாரு. நீ சோறு போடுவியா?"

தலைக்கணக்கு தலையைக் குனிந்துகொண்டார். கேள்வி கேட்பதற்காக இல்லாமல் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கே பொறுக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். கமிஷனர் நல்ல மனிதர், ஆனால் உத்தரவைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். "வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நானே வருகிறேன். ஒருநாள் மட்டும் ரேடியோவைப் போடட்டும். உள்ளே ஆள் இருந்தால் பார்ப்போம்" என்றார். நிகழ்ச்சி நின்று அதற்குள் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை. கமிஷனர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சரியாக இரண்டு மணிக்குப் பூங்கா வாசலில் புகையிலை நெடி. நாற்பத்தொரு பெண்களும் தலையில் இலைக்கட்டைச் சுமந்துகொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். வேலையை விட்டால்தானே மேஸ்திரி கேட்பார்? வேலையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு இலை பிரித்தார்கள். இலைக்குக் காவலாக மேஸ்திரியும் திட்டிக்கொண்டே பின்னால் வந்து உட்கார்ந்தார்.

முதலில் குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று யாரோ சொன்னார்கள். பிறகு கதை. மரகதம் மாமியார் வீட்டு அடுப்படியில் நின்று பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். கூடவே சிரிப்பு வேறு.

பூங்கா கொந்தளித்துவிட்டது.

"அடியாத்தி! அப்ப ரயிலு?"

"காலை எடுத்துட்டாளா, ஏறிட்டாளா?"

"மானங்கெட்டவ, திரும்பி வந்துட்டாளே!"

"ஏங்க, அந்தப் பொட்டி என்னங்க ஆச்சு?" இது மேஸ்திரி. தன் குரல்தான் அது என்று உணர்ந்ததும் அவசரமாக இருமினார்.

அத்தனை கூச்சலுக்கும் நடுவில் சவரியம்மா மட்டும் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிதானமாகச் சொன்னார். "ஏறிட்டா. திருச்சி வரைக்கும் போயிட்டா. அங்கன வச்சு மாமியாளுக்கு மேலுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டுத் திரும்பிட்டா. மாமியா இவ கையப் பிடிச்சு அழுதுருக்கா. அதான் பாயசம்."

நாற்பது முகங்களும் திரும்பின. "ஒனக்கெப்பிடிடி தெரியும்?"

சவரியம்மா கட்டை இறுக்கிக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

கமிஷனர் குடையை மடக்கிச் சிரித்தார். "இதுக்கு மேல என்னய்யா எண்ணுறது? நாளையிலேருந்து போடு. சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்குறவங்களையும் சேத்துக்க. நான் உத்தரவு தாரேன்."

"எண்ணாமப் போட முடியாது சார்" என்றார் தலைக்கணக்கு.

எண்ணினார். நெருப்பு வெயிலில் ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டு, கொட்டை கொட்டையாக மாற்றினார். மேஸ்திரிக்கும் ஒரு கொட்டை விழுந்தது. சவரியம்மாவிடம் வந்ததும், கேள்வி கேட்காமலே தாண்டிப் போனார்.

"ஏன்யா, அந்தம்மாவை விட்டுட்டே?" என்றார் கமிஷனர்.

"அது எங்க வீட்டுக்காரி சார். சொந்தத் தலையைச் சேத்தா கணக்கு சுத்தமா இருக்காது."

நோட்டில் எழுதினார்: "மகளிர் – நாற்பத்தொன்று. மேஸ்திரி உட்பட. மனைவி நீங்கலாக." மறுநாள் மத்தியானம் அவர் தூக்குச்சட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வெறும் சோறு. வெஞ்சனம் ஒன்றும் இல்லை. அதையே அவர் சாப்பிட்டு முடித்தார்.

சவரியம்மாவுக்கு மரகதத்தின் ரயில் பயணம் எப்படித் தெரிந்தது என்று கிட்டங்கியில் ஒரு மாதம் சண்டை நடந்ததாம். சொந்தமாக இட்டுக்கட்டினாள் என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியும். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ரேடியோ நின்றிருந்த அந்த ஒன்பது நாளில் ஒருநாள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த காப்பி கிளப்புக்குப் போனேன். மணி இரண்டே கால் இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு ரேடியோ அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. தோசைக்கரண்டிச் சத்தத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. அதை ஒட்டிய மேஜையில் தலைக்கணக்கு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி, உதட்டை அசைத்து அசைத்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மேஜைமேல் இரண்டு பஞ்சு உருண்டைகள். டம்ளரில் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

ரேடியோவில் எங்கோ ரயில் ஊதியது. யாரோ ஒரு மாமியார் அழுதாள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார். அவசர அவசரமாகப் பஞ்சை எடுத்துக் காதில் திணித்துக்கொண்டார்.

"இது கணக்குல வராது சார்! நான் காப்பி குடிக்க வந்தவன்!" என்று கிளப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு, காப்பியைத் தொடாமலே போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் சவரியம்மா வாயைத் திறந்தபோதுதான் புரிந்தது.

அவர் நோட்டில் அந்த ஒன்பது நாளுக்கும் மகளிர் நிகழ்ச்சிக்கு நேரே கோடுதான் போட்டிருக்கிறது. அது தப்பு. காப்பி கிளப்பில் அன்று ஒரு தலை கேட்டுக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன்.