ஸ்கேன் நானாவும் தண்ணீருக்குள் பார்க்கும் மெஷினும்

கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஸ்கேன் நானாவுக்கு வயிற்றைக் காட்டாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. கடை முதலாளி, பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட அதிபர், கல்யாணத் தரகர் என்று எல்லாரும் ஒரு தடவையாவது சட்டையை நெஞ்சுவரை சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் படுத்தவர்கள்தான். நானும் படுத்திருக்கிறேன்.

நானா டொக்டர் இல்லை. நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் அறை உதவியாளர். ஆட்களைக் கூப்பிடுவது, கட்டிலில் ஏற்றுவது, வயிற்றில் ஜெல் பூசுவது, முடிந்ததும் டிஷூ கொடுத்து இறக்கிவிடுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் டொக்டர் பார்க்கிற அதே திரையை அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று முப்பது வருஷமாகப் பார்த்தவர். அக்குறணைக்காரர். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே அவர் இறந்த பிறகு வந்த ஜனாஸா அறிவித்தலில்தான் தெரிய வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தாலே அவர் குரல் கேட்கும். "தண்ணி குடிச்ச ஆக்கள் யாரு? மூத்திரம் முட்டுதா இல்லையா? முட்டாட்டி இன்னும் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு வாங்க!" கௌரவமான டீச்சர்மார் எல்லாம் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைத்தெருவில் அவரோடு நடப்பது அதைவிடச் சங்கடம். அவருக்கு யார் பெயரும் நினைவில் நிற்காது. "அந்தா போறாரே, பித்தப்பையில மூணு கல்லு, பேரு என்னமோ வருகுதில்ல" என்பார், அந்த ஆளுக்கும் கேட்கிற மாதிரி.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் டிஷூப் பெட்டியை நம் நெஞ்சில் எறிவார். "தொடச்சிக்கிட்டு எறங்குங்க, வெளியில ஆள் நிக்கிது" என்று கத்துவார். ஏதாவது இருந்தால் கத்த மாட்டார். தானே டிஷூ எடுத்து வயிற்றைத் துடைத்துவிடுவார், கையைப் பிடித்து மெதுவாக இறக்குவார், எந்த ஊர் என்று விசாரிப்பார். டொக்டர் வாய் திறப்பதற்கு முன்னமே விஷயம் தெரிந்துவிடும். தான் இப்படிக் காட்டிக்கொடுக்கிறோம் என்பது நானாவுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதனால் ஊரில் நானா திட்டினால் சந்தோஷம், சிரித்தால் கிலி. ஒருநாள் கடுகஸ்தோட்டையில் பெயின்ட் கடை வைத்திருப்பவரை வழியில் நிறுத்தி, சட்டைத் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, "எப்பிடி ஈக்கிறீங்க, புள்ளைகள் சொகமா?" என்று அன்பாகக் கேட்டாராம். அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு நேராகப் போய் இரத்தம், சிறுநீர், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வந்தார். ஒன்றுமில்லை. நானாவுக்கு வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் கொஞ்சம் மலிவாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வேலை இப்படி என்றால் வாழ்க்கை அதற்கு நேர் எதிர். வேலைக்கு வெளியே எதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள மாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். சோற்றுப் பார்சலில் என்ன கறி என்று கேட்க மாட்டார். மழை வருமா என்று வானத்தைப் பார்க்க மாட்டார். அவருடைய பழைய காரில் பெற்றோல் அளவு காட்டுகிற முள் உடைந்து பல வருஷம் ஆகியும் திருத்தவில்லை. அம்பிட்டிய ஏற்றத்தில் அந்தக் காரைத் தள்ளி என் இடுப்பே போயிற்று. "பெற்றோல் ஈக்கா இல்லையா என்டு பாத்துக்கிட்டே போறதா ஒரு பயணம்?" என்று ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு கேட்டார், இறங்கித் தள்ளாமல்.

நான் காப்புறுதி விற்கிறவன். வாடிக்கையாளர்களை மருத்துவச் சோதனைக்கு அழைத்துப்போய்த்தான் அவர் பழக்கம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் ஒரு பொலிசியாவது விற்றிருக்கிறேன், அவரிடம் மட்டும் முடியவில்லை. அவர்தான் என்னிடம் தூண்டிலை விற்றார்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தில், திகனைப் பக்கம், எங்கள் தூண்டில் கழகத்துக்கு நாலு படகு உண்டு. மீனைப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற விளையாட்டுக் கழகம். நானா மீனை அளந்து நான் பார்த்ததில்லை, அவருக்கு மீன் படுவதே அபூர்வம். ஒரு தடவை பெரிய இழுப்பு. படகில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். வந்தது சைக்கிள் மட்காட். நானா அதையும் அளந்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டார். விதி விதிதானே என்றார்.

இந்தச் சொர்க்கத்துக்குள் மயூரன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் பொறியியலாளர் வேலை, மரியாதையான பையன். கனடாவில் இருக்கிற அக்கா அனுப்பிய லைவ் சோனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் பூட்டினான். ஒரு கம்பியின் நுனியில் கறுப்புப் பெட்டி தண்ணீருக்குள் இறங்கும். மேலே ஒரு திரை. கீழே மீன் நிற்பதும் திரும்புவதும் ஓடுவதும் அந்தந்த நொடியிலேயே தெரியும். நாம் போடுகிற இரை இறங்குவதுகூடத் தெரியும். அன்று மயூரன் ஒருவனே எங்கள் கழகம் ஒரு பருவம் முழுக்கப் பிடிக்கிற அளவு பிடித்து, அளந்து, விட்டான். அன்று இரவே நானும் ஒரு மெஷினுக்குச் சொல்லிவைத்தேன். வந்ததும் மனைவிக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

கழகம் இரண்டாக உடைந்தது. கடுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். ஆளுக்கொரு மாலுபாண், அதுதான் மீன் வைத்த பாண், பிளேன்டீ, பிறகு சண்டை. மெஷின் இருந்தால் பெரிய மீனுக்கு ஒளிய இடமே இல்லை என்றது ஒரு கட்சி. எத்தனை கண்டுபிடிப்பைத்தான் தடுப்பீர்கள், நைலோன் நூலும் ஒரு காலத்தில் புதுசுதானே என்றது மற்றக் கட்சி.

மயூரன் பொறுமையாகச் சொன்னான். "நானா, இது மீன் நிக்கிற இடத்தைத்தான் காட்டும். கடிக்கிறதும் விடுறதும் மீன்ர விருப்பம். குஞ்சு நிக்கிற இடத்தைக் கண்டால் நாங்கள் தூண்டில் போடாமலும் விடலாம். வெறும் தண்ணியில நாள் முழுக்க இருக்கிறதில என்ன திறமை இருக்கு, சொல்லுங்கோ?"

நானா கதிரையில் ஏறி நின்றார். கீழே இருந்தே பேசியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

"திறமைக்கா தம்பி நான் வாற? கெழம முழுக்க நான் ஆக்கள்ட உள்ளுக்குப் பாக்கிற. நல்லா நடந்து வந்து கட்டில்ல ஏறுற மனிசன். திரையில சின்னதா ஒரு நெழல் உழும். எறங்கிப் போறது வேற மனிசன். அவனுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனாலும் சோறு எறங்குறதில்ல. ஞாயித்துக்கெழம ஒரு நாள், உள்ள என்ன ஈக்கி என்டு தெரியாத ஒண்டுக்கு முன்னால குந்தியீக்கிறன். அல்லாஹ் மூடி வெச்சத மூடியே உடுங்களேன்."

நானா கதிரையிலிருந்து இறங்கி, "அந்தப் பாண்ல ஒண்ட இங்கால தள்ளுங்க" என்றார். தள்ளினோம். ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். அவர் மிச்சம் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கிழமையே அவருடைய மனைவி என் ஒபிசுக்கு வந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன், என்றால் இவர் ராத்தா, அக்கா. கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அவரு சாப்பிடுறேல்ல. வயித்தப் புடிச்சிக்கிட்டு சொவர்ல சாஞ்சி நிக்கிறாரு. தூண்டில் முள்ளால பெல்ட்டுல புதுசு புதுசா ஓட்ட போடுறாரு. ஒரு ஸ்கேன் எடுங்க என்டா சண்டைக்கு வாராரு. ஸ்கேன் ரூம்லயே நிக்கிற மனிசனுக்கு நான் என்னத்தச் செல்ல? நீங்க சென்னா கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பார் என்று ராத்தா நினைத்தது பெரிய நம்பிக்கை. ஒரு பொலிசியே எடுக்காத மனிதர். ஆனால் அவருக்கு வேண்டிய ஒன்று என் கையில் இருந்தது. மெஷினைப் பற்றி வாக்கெடுக்கத் தீர்மானித்திருந்தோம், இரண்டு பக்கமும் சரி சமமாக நின்றன, நான் ஒருவன்தான் யார் பக்கம் என்று சொல்லாமல் இருந்தேன். வாக்கெடுப்பு நாளில் மாடிப்படியில் அவரை மறித்தேன்.

"நானா, என் கை ஒங்களுக்கு. ஆனா திங்கக்கெழம நீங்க அந்தக் கட்டில்ல ஏறணும்."

"இது லஞ்சம்."

"லஞ்சந்தான்."

"ஏறாட்டி?"

"நான் மயூரன் பக்கம். வாற ஞாயிறுலேருந்து நாலு படகுலயும் மெஷின் பூட்டுவோம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "காப்புறுதிக்காரன்ட புத்தியக் காட்டிட்டீங்களே" என்றார். பிறகு, "ராத்தா வந்தாவா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் முன்னால் நடந்து மேலே போனார்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த மெஷினை நினைத்துக்கொண்டே கையைத் தூக்கினேன். சோனாருக்குத் தடை. ஒரு பக்கம் கைதட்டல். மயூரன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நேராக நினைக்க முடியாது. வென்ற நானா கைதட்டவில்லை, பிளேன்டீக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை வாக்குத் தவறாமல் கட்டிலில் ஏறினார். ஷர்மிளா என்று அம்பிட்டியவிலிருந்து வருகிற பெண் அப்போது அவருக்கு உதவியாகச் சேர்ந்திருந்தாள். அவள்தான் ஜெல் பூசினாள். நானா முதலில் சொன்னது, "டொக்டர், அந்தத் திரைய அங்கால திருப்புங்க, நான் பாக்க மாட்டன்" என்பது. டொக்டர் திருப்பினார். நானா முகட்டைப் பார்த்தார்.

"இந்த ஃபேன் இவ்வளவு ஊத்தையா? இத்தன வருஷமும் இங்க படுத்தவங்க இதத்தானா பாத்துக்கிட்டு ஈந்தாங்க? ஒத்தரும் ஒரு வார்த்த செல்லல்லயே."

டொக்டரின் தோளுக்குப் பின்னால், நானா எப்போதும் நிற்கிற இடத்தில் நான் நின்றேன். எனக்குத் திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்கிற மாதிரிதான் தெரிந்தது. அதனால் ஷர்மிளாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எறி பிள்ளை, அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் நெஞ்சில் எறி என்று மனசுக்குள் கெஞ்சினேன். டொக்டர் கருவியை வைத்துவிட்டுக் கை துடைத்தார். ஷர்மிளா பெட்டியிலிருந்து டிஷூவை உருவி, நானாவின் வயிற்றைத் தானே துடைக்கத் தொடங்கினாள். மெதுவாக, ஓரமெல்லாம் துடைத்தாள். பிறகு கையைப் பிடித்து, "பையப் பைய எறங்குங்க நானா" என்றாள்.

நானா அவளுடைய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"சரி புள்ள, வெளங்கிட்டு" என்றார். பிறகு, "ஒனக்கு ஊரு அம்பிட்டிய தானே?" என்று கேட்டார். தினமும் அவளோடு வேலை செய்கிறவர். அவள் அழுதுகொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

வியாதிக்குப் பெரிய பெயராக ஒன்று சொன்னார்கள். எவ்வளவு காலம் என்று டொக்டர் தொடங்கியபோது நானா எழுந்து வெளியே போய்விட்டார். கடைசிவரை அதை அவர் கேட்கவே இல்லை. நானும் ராத்தாவும்தான் கேட்டுக்கொண்டு வந்தோம்.

சில கிழமைகளுக்குப் பிறகு போன் எடுத்தார். "தம்பி, சாப்பிட்டீங்களா? புள்ளைகள் சொகமா?" என்றார். அன்பாகக் கேட்கிறாரே என்று எனக்குக் கிலி பிடித்தது. "நாளைக்கு என்னத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த மெஷினயும் எடுத்துக்கிட்டு வாங்க."

"எந்த மெஷின் நானா?"

"கட்டிலுக்குக் கீழ ஈக்கிறது. ஒங்கட ஊட்டுக்காரம்மா ராத்தாக்கிட்ட செல்லிட்டாவாம்."

மயூரனும் வந்தான். நானாவைப் படகில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்படவில்லை, அவ்வளவு இலேசாகிவிட்டிருந்தார். கழகத்தின் தடையை மீறி மயூரனே பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்கினான். நானா தூண்டிலைப் போட்டுவிட்டுத் திரையை மடியில் வைத்துக்கொண்டார். இரை ஒரு வெள்ளைப் புள்ளியாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து நீளமாக ஒன்று வந்தது. இரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அடுத்து இன்னொன்று வந்து, அதுவும் நின்றுவிட்டுப் போனது.

"வந்துட்டுப் போகுதே தம்பி!"

"ஓம் நானா, அநேகமா அப்பிடித்தான். வந்து பார்த்திட்டுப் போயிடும்" என்றான் மயூரன்.

"கடிக்காம?"

"கடிக்காமத்தான்."

நானா திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தண்ணீரைப் பார்த்தார். "அப்ப இத்தன வருஷமும், கீழ ஒண்டுமில்ல என்டு நான் தனியாக் குந்தியீந்த நேரமெல்லாம்..."

"வந்திருக்கும் நானா" என்றேன்.

"என்னப் பாத்துட்டுப் போயீக்கி!" என்று சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை என்னிடம் நீட்டினார். "அணைங்க. போதும்."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமே?"

"வேணாம் தம்பி. வாறது தெரிஞ்சிட்டு, போதும்."

மெஷினை மேலே எடுத்துவிட்டோம். வெயில் ஏறும்வரை தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை நானா மௌத்தானார். ஜனாஸாவுக்கு அக்குறணைப் பள்ளிவாசலில் நிற்க இடமில்லாத கூட்டம். பெயின்ட் கடைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிறகு கழகத்தில் யாரோ சோனார்ப் பேச்சைத் திரும்ப எடுத்தபோது மயூரன்தான், "அந்தத் தடை அப்பிடியே இருக்கட்டும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இன்னும் போகிறேன், மெஷின் இல்லாமல். மீன் படுவதில்லை. படகில் எனக்கு எதிரே ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். நானாவும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.