அடைப்புக்குறிக்கு வெளியே ஓர் ஆள்

கணக்கு வாத்தியார் காலையிலிருந்து விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அடைப்புக்குறிக்கு வெளியில அஞ்சு. உள்ள மூணு உறுப்பு. முதல் ஆளை மட்டும் அஞ்சால பெருக்கிட்டு ஓடிடறானுங்க! வெளியில நிக்கறவன் உள்ள இருக்கற ஒவ்வொருத்தரையும் கவனிக்கணும்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்!"

"பாவங்க, பசங்க" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

வாத்தியார் இரக்கப்படவில்லை. அன்று அவர் போட்ட முட்டைகளை ஒரு கோழிப்பண்ணையே போட்டிருக்காது.

நாலு மணிக்கு எதிர்வீட்டு டெய்லரோடு சதுரங்கம். போன வாரமும் அந்த மனிதர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இவரைத் தோற்கடித்துவிட்டார். அதிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. இன்று ஜெயித்தே தீருவது என்று கறுவிக்கொண்டிருந்தார்.

"கூடத்து ஃபேனைத் துடைக்கணும். படுக்கையறை ஃபேனைத் துடைக்கணும். சமையலறை ஃபேனைத் துடைக்கணும். முடிச்சுட்டு எங்க வேணா போங்க" என்றாள் மனைவி.

சமையலறை ஃபேனின் எண்ணெய்ப் பிசுக்குக்கே பொழுது சாய்ந்துவிடும். படித்த படிப்பு எதற்கு இருக்கிறது? வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"அசடே, மூணுலயும் 'ஃபேனைத் துடைக்கணும்' பொது. அதை வெளியில எடு. உள்ள கூடம், படுக்கையறை, சமையலறை. இப்ப எத்தனை 'துடைக்கணும்' இருக்கு?"

"ஒண்ணுதாங்க."

"அவ்வளவுதான்! காரணிப்படுத்தினா மூணு வேலை ஒரு வேலை. அதை நானே செஞ்சுடறேன்."

"அடேங்கப்பா! இது தெரியாம இத்தனை வருஷம் மாடா உழைச்சேனே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது.

ஸ்டூலில் ஏறினார். கூடத்து ஃபேனைத் துடைத்தார். இறங்கிச் சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரு வேலைதானே? முடிச்சாச்சு."

"வெளியில எடுத்த 'துடைக்கணும்' முதல் ஆளை மட்டும் கவனிச்சுட்டு ஓடுதே? காலையில இதுக்குத்தானே பசங்களுக்கு முட்டை போட்டீங்க?"

வாத்தியார் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டூலைத் தூக்கினார்.

வாசலில் டெய்லர் குரல் கொடுத்தார். "சார், காய் அடுக்கியாச்சு!"

"அவர் அடைப்புக்குறியைப் பிரிச்சிட்டிருக்காருண்ணே. அவருக்குப் பதிலா நான் வரேன்."

"உனக்கு ஆடத் தெரியுமா?" என்று பதறினார் வாத்தியார்.

"வாராவாரம் தோத்த கதையை ஒண்ணு விடாம சொல்றீங்களே. அதுல கத்துக்கிட்டதுதான்."

சமையலறை ஃபேனின் பிசுக்கு முழங்கை வரை வழிந்த நேரத்தில், எதிர்வீட்டிலிருந்து அவள் குரல் கணீரென்று கேட்டது:

"ராஜாவுக்கு இனிப் போக்கிடம் இல்லண்ணே!"