எனக்கு ஹார்மோன் குறைந்த நாள்

எப்பாடு பட்டாவது என் மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போவது என்று சபதம் எடுத்தேன். டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவன் நான். வீட்டில் மட்டும் பின்சீட்டு.

ஐம்பதைத் தொட்டதிலிருந்து அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும். நான் போர்வைக்குள் வெடவெடப்பேன். தொட்டதற்கெல்லாம் கோபம். போன மாதம் தலையணையோடு ஹாலுக்கே குடிபோய்விட்டாள். மாதவிலக்கு நின்ற வீட்டில் மணவிலக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?"

"எனக்கென்ன கேடு? நான் வரமாட்டேன்."

கெஞ்சினேன். மனசுக்குள் மிரட்டியும் பார்த்தேன். பாச்சா பலிக்கவில்லை. நேரே போக வழியில்லையென்றால் ரிவர்ஸ்தானே?

"எனக்குத்தான் உடம்பு சரியில்ல. ஆம்பளைங்களுக்கும் ஹார்மோன் குறையுமாம். துணைக்கு வா."

"அடடா, வராம இருப்பேனா?" செருப்பை மாட்டிவிட்டாள். மீன் சிக்கியது!

டாக்டரம்மாவிடம் அவளுடைய தொல்லைகளையெல்லாம் என்னுடையதாக்கி ஒப்பித்தேன். "உடம்பு கொதிக்குது. தூக்கம் வரல. எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன்."

"இவர் சொல்றதெல்லாம் என்னோடது டாக்டர்," என்றாள் மனைவி. "இவரோடதை நான் சொல்றேன். சாப்பிடும்போதே தூங்கி விழறார். ரெண்டு படி ஏறினா இரைக்குது. குறட்டையில ஜன்னல் ஆடுது. அது தாங்காமத்தான் நான் ஹால்ல படுக்கறேன்."

குறட்டையா! என்மேல் வெறுப்பு இல்லையா? நெஞ்சில் ஏறி நின்றிருந்த லாரி ஒன்று இறங்கிப் போனது.

டாக்டரம்மா அவளிடம் கேட்டார்: "பட்டை ஒட்டின பிறகு சூடு எப்படிம்மா?"

"பாதி குறைஞ்சிடுச்சு டாக்டர்."

"என்ன பட்டை?" என்றேன்.

"ஹார்மோன் பட்டை. பிளாஸ்திரி மாதிரி இடுப்புல ஒட்டியிருக்கேன், கூட ஒரு மாத்திரை. ஜெல்லும் இருக்காம். போன மாசமே தனியா வந்து இவங்ககிட்ட காமிச்சேன். முன்னாடி வந்த நோயெல்லாம் விசாரிச்சு, எனக்கு இதுதான் சரின்னாங்க."

"அப்போ வரமாட்டேன்னு அடம்பிடிச்சியே?"

"நான் கூப்பிட்டா நீங்க வந்திருப்பீங்களா? இப்ப பாருங்க, தானா வந்து உக்காந்திருக்கீங்க."

அசடு வழிந்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை. "டாக்டர், எனக்கும் ஒரு பட்டை?"

"எடுத்ததும் தரமாட்டோம். காலையில ரத்தம் எடுத்துப் பாக்கணும். குறைவா இருந்தா மறுபடி ஒருதடவை பாத்து உறுதி பண்ணுவோம். அதுக்கப்புறம்தான் ஜெல்லா, ஊசியான்னு பேச்சு. குறட்டைக்குத் தனியா ஒரு பரிசோதனை. அதுவரைக்கும் நடங்க, எடையைக் குறைங்க."

நாலு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. குறை ஒன்றுமில்லை! சோபாவில் சாய்ந்து மீசையை முறுக்கினேன்.

"கேட்டியா? என் ஹார்மோன் அப்படியே அம்சமா இருக்காம்!"

"ரொம்ப நல்லது. அப்போ இந்தச் சோம்பேறித்தனம் உங்க சொந்தச் சரக்கு. எழுந்திரிங்க, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு."