பொயிலர் அண்ணையின் பிள்ளை

லண்டன் இல்ஃபோர்டில், வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் திருத்தத் தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கலாம். ஆனால் பொயிலருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் அதன் இரைச்சலைக் கேட்டுவிட்டு, "மெஷினிலை பிழையில்லை, இவளுக்கு மனம்தான் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் இருந்த பொயிலர் அண்ணை. அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

ஊருக்கெல்லாம் சூடு கொடுத்த மனிதர் தன் அறையில் கம்பளித் தொப்பியும் கையுறையுமாக நடுங்கிக்கொண்டிருப்பார். காரணம், ஒரு கண்ணாடிப் பெட்டி. பொயிலர் பார்க்கப் போன இடத்தில், நாட்டை விட்டுப் போகவிருந்த ஒரு குடும்பம் மலைப்பாம்புக் குட்டி ஒன்றைப் பெட்டியோடு அவர் கையில் திணித்துவிட்டது. ஒரு முழ நீளம்தான். பெட்டிக்குள் எந்நேரமும் வெப்ப விளக்கு எரிய வேண்டும். அறையின் ஹீற்றரையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அண்ணை யோசிக்கவேயில்லை, ஹீற்றரை நிறுத்திவிட்டார்.

"அண்ணை, உங்களுக்குக் குளிரேல்லையோ?"

"எனக்குக் கோட் இருக்கு. பிள்ளைக்கு இருக்கோ?"

பிள்ளை என்பது பாம்பு.

வீட்டுச் சொந்தக்காரி, கீழ்த்தளத்தில் இருந்த அன்ரி, முதலில் சன்னதம் ஆடினார். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்து இரங்கி, ஒரேயொரு நிபந்தனை போட்டார். "இருக்கட்டும். ஆனா ஆரையேன் கடிச்சுதெண்டால் அண்டைக்கே வெளியிலை!"

"என்ரை பிள்ளை கடியாது, அன்ரி" என்று அண்ணை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அந்தக் கையில் இரண்டு பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. ஸ்பானர் வழுக்கியதாம். அவருடைய ஸ்பானர்கள் அடிக்கடி வழுக்கும்.

இப்படியிருக்க, அண்ணைக்கு முழங்காலில் ஒப்பரேசன் வந்தது. நாலைந்து நாள் ஆஸ்பத்திரி. பிள்ளையை என் தலையில் கட்டினார். ரப்பர் குழாயைக் கண்டாலே ஒதுங்கி நடக்கிற ஆள் நான்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரி கோயிலுக்குப் போனாப் பிறகு சாப்பாடு குடு. அவ நிக்கேக்கை ஐஸ் எலியைச் சூடாக்கிறது மரியாதையில்லை. இடுக்கியாலை பிடிச்சுக் குடுக்க வேணும். சும்மா தூக்கிறதெண்டால் முதல்லை இந்தக் கடதாசிக் குழலாலை தலையிலை மெல்லத் தட்டு. தட்டினால் தூக்கப் போறாய், தட்டாட்டில் சாப்பாடு. அவளுக்கு விளங்கும்."

"இரண்டுமில்லாமல் வேறை அலுவலுக்குக் கை வைச்சால்?"

"ஏன் தம்பி குழப்பிறாய்?"

குழப்பியது நானா அவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்ரி கோயிலுக்குப் போனார். உறைந்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, கையாலேயே துடைத்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. அங்கேதான் என்னை வளர்த்த வளர்ப்பு குறுக்கே வந்தது. ஊரில் எங்கள் வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் சோறு போடுவார்கள். பிள்ளைக்கும் முதலில் தண்ணீர் வைப்பதுதானே முறை? எலியை இடுக்கியோடு ஓரமாக வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுக்கப் போனேன். தட்டுவதா, வேண்டாமா? தட்டினால் சாப்பாடு இல்லையென்று நினைப்பாள். தட்டாவிட்டால் சாப்பாடு என்று நினைப்பாள். நான் கொண்டுபோனதோ வெறும் கை. குழலைத் தூக்கினேன், வைத்தேன், திரும்பத் தூக்கினேன். அதற்குள் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எலியின் மணம் வந்தது, எலியின் சூடு வந்தது, கூடவே என் சுட்டுவிரலும் வந்தது. கவ்வியதோடு விடாமல் மணிக்கட்டு வரை சுற்றி இறுக்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"பிள்ளை சாப்பிட்டாளோ?"

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அண்ணை."

"நல்லா இறுக்கிப் பிடிச்சவளோ?"

"ஓம் அண்ணை. நல்லா இறுக்கி."

அண்ணை குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஒண்டுக்கும் இழுக்காதை. அசையாமல் இரு. அவளா விடுவாள்."

விட்டாள். பிறகு எலியையும் மிச்சம் வைக்காமல் விழுங்கினாள்.

விரலைக் கழுவிப் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கினால், எதிரே அன்ரி, வெள்ளிதோறும் எங்களுக்குத் தரும் கோயில் மோதகத்தோடு நிற்கிறார். "என்ன தம்பி விரலிலை?"

கடித்தது தெரிந்தால் இன்றைக்கே பிள்ளை வெளியில். அண்ணை வெறும் பெட்டியைத்தான் வந்து பார்ப்பார். தகரத்தில் அடைத்து விற்கும் மீன்தான் வாயில் வந்தது. "ரின்மீன் மூடி வெட்டிப்போட்டுது, அன்ரி."

"ரின்மீனோ? வெள்ளிக்கிழமையிலையோ? என்ரை வீட்டிலையோ?"

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் மீனும் இறைச்சியும் ஆகாது. பாம்பு பரவாயில்லை என்று ஆகிவிட்டது. அடுப்படி முழுவதையும் என்னைக்கொண்டு கழுவவைத்தார். ஆறு வெள்ளிக்கு எனக்கு மோதகம் கிடையாது என்று தண்டனையும் விதித்தார். மோதகம் எனக்கு உயிர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை ஊன்றுகோலோடு வந்தார். முதலில் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார்.

"என்ன இது?"

"ரின்மீன் மூடி, அண்ணை."

அவர் கோட்டின் கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டில் ஊசியால் குத்தியதுபோல வளைவாகச் சிறு புள்ளிகள். என் விரலில் இருந்ததும் அதேதான்.

"இது ஸ்பானர்" என்றார். "போனிலை நீ மூச்சு விட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிட்டுது."

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆறின காலோடு அல்ல, நோகிற காலோடு ஒவ்வொரு படியாக இறங்கிப்போய் அன்ரியின் முன்னால் நின்றார். "அன்ரி, அந்த ரின்மீன் என்ரை. தம்பிக்கு நான்தான் சாப்பிடச் சொன்னனான்."

அன்று மோதகம் எனக்கு வந்தது, தண்டனை அவருக்குப் போனது. நான் மாடிக்குப் போய், அவருடைய குளிர் அறையில் உட்கார்ந்து, மோதகத்தை இரண்டாக உடைத்தேன். ஆறு வெள்ளியும் உடைத்தேன்.

அண்ணை இப்போது பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பிள்ளை அவருடைய தோளுயரம் வளர்ந்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமைகளில் அன்ரி தரும் மோதகத்தை என் கை இன்னும் தானாகவே இரண்டாக உடைக்கிறது. மற்றப் பாதியைக் கடைசியில் நானேதான் சாப்பிடுகிறேன். அது ருசிப்பதேயில்லை.